ஒரே நோய்க்கு இரண்டு கிளினிக் கொப்பி

யாழ். மாவட்டத்திலிருந்து ஒரு தாயார் நீண்ட கடிதம் ஒன்று எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவருடைய மகளுக்கு வயது 22. பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். சின்ன வயதிலிருந்தே காது வழிதல், பீனிசம், நெஞ்சுச்சளி. 'இவள் சளிக்காரப் பிள்ளை' என்று வீட்டில் எல்லோருக்கும் பழகிப்போய்விட்டது. மூன்று தடவை நியூமோனியாவோடு வார்ட்டில் இருந்திருக்கிறாள். 17 வயதில் கால் முழுக்கச் சிவப்புப் புள்ளிகள் வந்து, முரசால் இரத்தம் கசிந்தது. டெங்கு என்றுதான் முதலில் நினைத்தார்கள். இரத்தத்தை உறையச் செய்யும் குருதிச் சிறுதட்டுக்கள் 9,000 வரை இறங்கியிருந்தன. விலைகூடிய மருந்து ஒன்றை இரண்டு நாள் ஏற்றி, குளுசையும் கொடுத்துச் சரிப்படுத்தினார்கள். இந்த வருடம் மறுபடி சிறுதட்டு 22,000. கூடவே ஹீமோகுளோபினும் 7.8க்கு இறங்கிவிட்டது. இரத்த நோய் கிளினிக்கில், உடம்பின் நோயெதிர்ப்பான நிர்ப்பீடனம் தன் இரத்தத்தையே தாக்குகிறது, அதை அடக்கவேண்டும் என்று சொல்லி பிரெட்னிசொலோன் என்ற ஸ்ரீரொய்ட் குளுசையைத் தொடங்கினார்கள். அதற்கிடையில் நெஞ்சு நோய் கிளினிக்கில் இருந்து கொழும்புக்கு அனுப்பிய இரத்தப் பரிசோதனை முடிவு வந்தது: கிருமியை எதிர்க்கும் புரதங்களான பிறபொருளெதிரிகளில் ஐஜிஜி லீற்றருக்கு 2.9 கிராம், ஐஜிஏ அளக்கமுடியாத அளவு குறைவு, ஐஜிஎம்மும் குறைவு. அங்கே சொன்னது, 'நிர்ப்பீடனம் போதாது, பிறபொருளெதிரி போதாத சிவிஐடி என்ற பிறவிக் குறைபாடாக இருக்கலாம்.'

"ஒருவர் கூடிப்போச்சு என்கிறார், மற்றவர் குறைஞ்சுபோச்சு என்கிறார். ஆர் சொல்லுறது சரி டொக்டர்?" என்று கேட்கிறார் தாயார். குழம்பிப்போய், மூன்று மாதம் எடுத்துவந்த பிரெட்னிசொலோனைப் பத்து நாளுக்கு முன் நிறுத்தியும் விட்டார்கள். ரொறன்ரோவில் இருக்கும் மாமா அனுப்பிய 'இம்யூனிட்டி பூஸ்ரர்' மாவும் நிலவேம்புக் குடிநீரும்தான் இப்போது ஓடுகின்றன. சொந்த மச்சானைக் கட்டியதால் வந்த வினையா, 14 வயது மகனுக்கும் வருமா, 1995 இடப்பெயர்வில் மூன்று வயதில் இறந்துபோன தன் தம்பிக்கும் இதுதானா, பேசிவந்த சம்பந்தத்துக்கு என்ன பதில் சொல்வது, 'இது எயிட்ஸோ' என்று கேட்கிற சனத்துக்கு என்ன சொல்வது என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேள்விகள்.

அன்புள்ள சகோதரி,

மற்றதெல்லாம் பிறகு. முதலில் அந்தக் குளுசை.

மூன்று மாதம் நாள்தோறும் பிரெட்னிசொலோன் எடுத்த உடம்பு, தானாகச் சுரக்கவேண்டிய கோர்ட்டிசோலைச் சுரப்பதை அநேகமாகக் குறைத்திருக்கும். சிறுநீரகங்களுக்கு மேலே இருக்கும் அதிரினல் சுரப்பிகள் பழைய நிலைக்கு வர வாரங்கள் எடுக்கும், சிலருக்கு மாதங்கள். அதனால்தான் இந்தக் குளுசையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்துவோம். திடீரென்று விட்டால் இரத்த அழுத்தம் இறங்கி, வாந்தி, மயக்கம் என்று ஆபத்தில் முடியலாம். உங்கள் மகளுக்கு அதோடு இரண்டாவது ஆபத்தும் இருக்கிறது: சிறுதட்டு இப்போது எத்தனையில் நிற்கிறது என்று யாருக்கும் தெரியாது.

ஆகவே இதை வாசித்த அன்றே, கிளினிக் நாள் வரட்டும் என்று காத்திராமல், இரண்டு கொப்பிகளையும் எடுத்துக்கொண்டு வைத்தியசாலைக்குப் போங்கள். குளுசையை எந்த நாளில் நிறுத்தினீர்கள் என்று ஒளிக்காமல் சொல்லுங்கள். ஏசுவார்கள் என்று பயந்து இதை மறைக்கிற ஆட்கள் அதிகம். ஏச்சு இரண்டு நிமிடம்தான். நிற்காத மூக்கு இரத்தம், கடும் தலையிடி, கறுப்பு மலம், கடும் தேநீர் நிறத்தில் சிறுநீர், கண் மஞ்சளாதல், மூச்சு வாங்குதல், மயக்கம், 38 பாகை செல்சியசுக்கு மேல் காய்ச்சல் - இவற்றில் ஒன்று இருந்தாலும் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு. நோவுக்கோ காய்ச்சலுக்கோ பரசிற்றமோல் மட்டும். அஸ்பிரின், புறூபன், டைகுளோபினாக் எதுவும் வேண்டாம். சிறுதட்டு குறைந்திருக்கும்போது அவை இரத்தப்போக்கைக் கூட்டும்.

இரண்டு வைத்தியர்களும் சரியாகத்தான் சொன்னார்கள்

நீங்கள் நிர்ப்பீடனத்தைக் கூடும், குறையும் என்று ஒரே ஒரு அளவாக நினைக்கிறீர்கள். விளம்பரங்களும் அப்படித்தான் நினைக்கப் பழக்கிவிட்டன. உண்மையில் அதற்கு இரண்டு வேலை. அந்நியனை அடித்து விரட்டுவது ஒன்று. வீட்டு ஆளை அடையாளம் கண்டு சும்மா விடுவது மற்றது. படலையில் கட்டியிருக்கிற நாயை எண்ணிப் பாருங்கள். சரியாகப் பழக்காத நாய் கள்ளன் வரும்போது படுத்துக் கிடக்கும், பள்ளிக்கூடத்தால் வருகிற பிள்ளையைப் பாய்ந்து கடிக்கும். அந்த நாய் நோஞ்சானா, மூர்க்கமா என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? பழக்கம் பிழை.

எங்கள் எல்லோருடைய என்புமச்சையிலும் நாள்தோறும் புதிதாக உண்டாகும், பிறபொருளெதிரியைச் செய்யும் பி கலங்களில், சொந்த உடம்பைத் தாக்கக்கூடியவையும் கணிசமாக இருக்கும். நல்ல உடம்பு அவற்றைப் பல கட்டங்களில் வடிகட்டி அகற்றிவிடும். தப்பிப் போனவற்றை ஒழுங்குபடுத்தும் ரி கலங்கள் அடக்கி வைக்கும். பி கலம் முதிர்ந்து நல்ல பிறபொருளெதிரியைச் செய்வதற்கும், பிழையான கலம் வடிகட்டப்படுவதற்கும் தேவைப்படும் பொறிமுறைகள் பெரும்பாலும் பொதுவானவை. அங்கே பிறவியிலேயே ஒரு பழுது இருந்தால் இரண்டும் சேர்ந்தே கெடும்: கிருமிக்கு எதிரான பிறபொருளெதிரி போதாது, சிறுதட்டுக்கு எதிரானது மட்டும் தாராளமாக வரும்.

'பிறபொருளெதிரியே குறைவு என்றால் தாக்குவதற்கு அது எங்கிருந்து வந்தது?' என்று கேட்டிருந்தீர்கள். நல்ல கேள்வி. 2.9 என்பது குறைவு, ஆனால் பூச்சியமல்ல. வளர்ந்தவர்களுக்கு ஏறத்தாழ 7 முதல் 16 வரை இருக்கவேண்டும். இருக்கிற கொஞ்சத்தில் ஒரு சிறு பங்கு பிழையான இடத்தில் ஒட்டினாலே சிறுதட்டுக்களை மண்ணீரல் பிடித்து அழித்துவிடும். இதற்கு மறுதலையான நோயும் உண்டு. 1952 இல் அமெரிக்க இராணுவ வைத்தியர் புரூட்டன் எட்டு வயதுப் பையன் ஒருவனின் இரத்தத்தில் பிறபொருளெதிரிகள் அடங்கிய காமா குளோபுலின் அறவே இல்லை என்று கண்டு எழுதினார். அந்த நோயில் பி கலங்களே உருவாவதில்லை. ஆகவே கிருமித் தொற்று ஓயாமல் வரும், ஆனால் இப்படிப் பிறபொருளெதிரி சிறுதட்டைத் தாக்குவது அரிது. உங்கள் மகளுக்கு இருப்பதாகச் சந்தேகிக்கும் சிவிஐடியில் பி கலங்கள் பெரும்பாலும் இருக்கும், வேலைதான் பிழைக்கும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. செத்த கலங்களைக் கூட்டித் துடைத்து அகற்றும் நிரப்பிப் புரதங்களில் சி1கியூ என்பது பிறவியிலேயே இல்லாதவர்களில் பெரும்பாலானோருக்கு, உடம்பு தன்னையே தாக்கும் லூபஸ் நோய் வருகிறது. குப்பை தேங்கினால் உடம்பு அதையே எதிரியாக எண்ணத் தொடங்கிவிடும். உங்கள் மகளின் கதை இது அல்ல. குறைபாடும் தன்தாக்குதலும் சேர்ந்து வருவது தற்செயல் அல்ல என்பதற்காகச் சொன்னேன்.

பிரான்சில் பிறவி நிர்ப்பீடனக் குறைபாடு உள்ள 2,183 பேரின் பதிவுகளைப் பார்த்து 2017 இல் வெளியிட்ட ஆய்வில், 26.2 சதவீதமானவர்களுக்கு ஒரு தன்தாக்குதல் நோயோ அழற்சி நோயோ இருந்தது. நான்கில் ஒருவருக்கு மேல். மகளுக்கு வந்திருக்கிற, இரத்தக் கலங்கள் அழியும் வகை மட்டும் பொதுமக்களைவிடக் குறைந்தது 120 மடங்கு அதிகம். சிறுதட்டும் செங்குழியமும் இரண்டும் சேர்ந்து தாக்கப்படுவதை எவன்ஸ் நோய்த்தொகுதி என்போம். இளவயதில் அதைக் கண்டால், பின்னால் ஒரு பிறவிக் குறைபாடு இருக்கிறதா என்று தேடவேண்டும். சிலருக்குச் சிறுதட்டுப் பிரச்சினை முதலில் வந்து, குறைபாடு பல வருடம் கழித்துத்தான் பிடிபடும். 'ஐந்து வருடத்துக்கு முதலே பார்த்திருக்கலாமே' என்று நீங்கள் மனம் நொந்து எழுதிய இடத்தை வாசித்தேன். அதைச் சுமக்கவேண்டியவர் நீங்கள் அல்ல.

சிவிஐடி என்று முடிவுகட்டுவதற்கு முன் ஒன்றிரண்டு வேலை மீதி இருக்கிறது. சில வலிப்பு மருந்துகள், சிறுநீரில் அல்லது குடலால் புரதம் இழக்கப்படுதல், நிணநீர்ப் புற்றுநோய், நீண்டநாள் ஸ்ரீரொய்ட் ஆகியவற்றாலும் ஐஜிஜி இறங்கலாம். ஸ்ரீரொய்டால் இறங்குவது பொதுவாக இவ்வளவு மோசமாக இருக்காது. தடுப்பூசி போட்டு, அதற்குப் பிறபொருளெதிரி உண்டாகிறதா என்றும் பார்ப்பார்கள். இந்தப் பரிசோதனைகளுக்குப் பெரும்பாலும் கொழும்பு பொரளையில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தின் நிர்ப்பீடனவியல் பிரிவைத்தான் நம்பியிருக்கிறோம். இரத்த மாதிரியை இங்கிருந்தே அனுப்பலாமா, பிள்ளை நேரில் போகவேண்டுமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். சில பரிசோதனைகளுக்கு இரத்தம் எடுத்த சூட்டோடு ஆய்வுகூடத்துக்குப் போகவேண்டும். 400 கிலோமீற்றர் பயணத்தை அது தாங்காது.

ஒரே மருந்து, இரண்டு அளவு

17 வயதில் இரண்டு நாள் ஏற்றிய விலைகூடிய மருந்து, நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், இம்யூனோகுளோபுலினாக இருக்கவேண்டும். ஆயிரக்கணக்கான ஆட்கள் தானம் செய்த குருதித் திரவத்திலிருந்து பிரித்தெடுக்கும் ஐஜிஜி அது. இப்போது நெஞ்சு கிளினிக்கில் மாதாமாதம் ஏற்றவேண்டும் என்று சொல்வதும் அதே மருந்துதான். ஆனால் அளவும் நோக்கமும் வேறு.

குறைபாட்டை நிரப்புவதற்கு, உடல் நிறையில் ஒரு கிலோவுக்கு 400 முதல் 600 மில்லிகிராம், மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை. மகள் 48 கிலோ என்று எழுதியிருக்கிறீர்கள். ஏறத்தாழ 19 முதல் 29 கிராம் வரும். சிறுதட்டு அழிவதை அவசரமாக நிறுத்துவதற்கு, கிலோவுக்கு 1 கிராம், ஒரு நாள் அல்லது இரண்டு நாள். அதாவது ஒரு தடவைக்கு 48 கிராம். சிறிய அளவில் இல்லாததைக் கொடுக்கிறது, பெரிய அளவில் தாக்குதலைத் தணிக்கிறது. நிரப்புவதற்காகக் கொடுக்கும் அளவிலேயே சிலருக்குச் சிறுதட்டும் நிலைபெறுவதுண்டு. எல்லோருக்கும் அப்படி நடக்கும் என்று வாக்குத் தரமுடியாது.

இது தொடர்ந்து ஏற்றவேண்டிய மருந்து. ஐஜிஜியின் அரைவாழ்வு ஏறத்தாழ மூன்று வாரம். அதனால்தான் மாதக் கணக்கு. அடுத்த தடவை ஏற்றுவதற்குச் சற்று முன் இரத்தம் எடுத்து, ஐஜிஜி எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று பார்த்து அளவைத் திருத்துவார்கள். ஏற்றும்போது தலையிடி, குளிர், நடுக்கம் வரலாம். வேகத்தைக் குறைத்தால் பெரும்பாலும் அடங்கும். தோலுக்குக் கீழே ஏற்றும் வகையும் இருக்கிறது, இங்கே எளிதில் கிடைப்பதில்லை. 2023 இல் தரமற்ற இம்யூனோகுளோபுலின் அரச வைத்தியசாலைகளுக்கு வந்தது பற்றிய செய்தியை வைத்து 'இதை நம்பி ஏற்றலாமோ' என்று கேட்டிருந்தீர்கள். பயம் நியாயமானது, விவகாரம் நீதிமன்றம் வரை போனது. ஆனால் ஏற்றாமல் விடுவது அதற்குத் தீர்வாகாது. ஒவ்வொரு தடவையும் மருந்தின் பெயரையும் தொகுதி இலக்கத்தையும் போத்தலில் பார்த்துக் கொப்பியில் எழுதுவியுங்கள். நேர்ஸ்மார் செய்து தருவார்கள், அல்லது மகளே கைபேசியில் படம் எடுத்து வைக்கலாம்.

அடுத்து, ரிடுக்ஸிமாப் பற்றி மாமா பயமுறுத்தியிருக்கிறார். 'நிர்ப்பீடனத்தைக் கொல்லும் ஊசி' என்று அவர் சொன்னது பாதி உண்மை. அது பி கலங்களை அழிக்கிறது, ஐஜிஜியையும் மேலும் இறக்கலாம். ஆனால் பிழையான பிறபொருளெதிரி வருவது அதே பி கலங்களிலிருந்துதான். சிவிஐடியில் ஸ்ரீரொய்டுக்கு அடங்காத சிறுதட்டு, செங்குழிய அழிவுக்கு இதைப் பயன்படுத்திப் பலர் நலம்பெற்றிருக்கிறார்கள், இம்யூனோகுளோபுலினைத் தொடர்ந்து ஏற்றிக்கொண்டு. நான் பிள்ளையின் வைத்தியராக இருந்தால், முதலில் இம்யூனோகுளோபுலினை ஒழுங்காகத் தொடங்கி, ஹெபடைற்றிஸ் பி வைரசு உடம்பில் ஒளிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, தேவையென்றால் ரிடுக்ஸிமாபுக்குப் போவேன். மண்ணீரலை அகற்றும் யோசனையை யாராவது சொன்னால் அவசரப்பட்டுச் சம்மதிக்க வேண்டாம். தொற்றை எதிர்க்க ஏற்கனவே ஆள்பலம் இல்லாத உடம்பு அது.

பூஸ்ரர் மாவும் நிலவேம்பும்? நிறுத்திவிடுங்கள். மகளுக்கு இல்லாத ஐஜிஜியை எந்த மாவும் செய்து தராது. 'தூண்டிவிடும்' என்று சொல்லி விற்பது உண்மையாகவே தூண்டினால், தாக்கும் பக்கத்தையும் தூண்டக்கூடும். மாமாவின் காசு வீணாகவேண்டாம். நல்ல வெப்பமானி ஒன்று வாங்கி அனுப்பச் சொல்லுங்கள்.

பரிசோதனை ஏமாற்றும் இடங்கள்

இதைக் கொஞ்சம் கவனமாக வாசியுங்கள். எந்தக் காய்ச்சலுக்கும் மகளை யார் பார்த்தாலும் இதைச் சொல்லவேண்டி வரும்.

மழை தொடங்கினால் யாழ்ப்பாணத்தில் டெங்கு. காய்ச்சலோடு சிறுதட்டு இறங்கினால் எல்லோரும் டெங்கு என்றுதான் நினைப்பார்கள், பப்பாசி இலைச்சாறும் வந்துவிடும். மகளுக்கு டெங்கும் வரலாம், பழைய நோயும் கிளம்பலாம். பிறபொருளெதிரியைத் தேடும் டெங்குப் பரிசோதனை அவளில் 'இல்லை' என்று காட்டினால் நம்பமுடியாது, ஏனென்றால் அவளுக்குப் பிறபொருளெதிரி உண்டாவதே குறைவு. வைரசையோ அதன் புரதத்தையோ நேரடியாகத் தேடும் என்எஸ்1, பிசிஆர் போன்றவைதான் பயன்படும். கோதுமை ஒவ்வாத சீலியாக் நோய்க்கும் இதே கதை: வழக்கமான பரிசோதனை ஐஜிஏயைத் தேடும், மகளுக்கு ஐஜிஏயே இல்லை.

இம்யூனோகுளோபுலின் ஏற்றிய பிறகு நிலைமை தலைகீழ். தானம் செய்தவர்களின் பிறபொருளெதிரிகள் அவளுடைய இரத்தத்தில் ஓடும். ஆகவே ஹெபடைற்றிஸ் பி, இன்னும் பல நோய்கள் 'வந்திருக்கிறது' என்று பொய்யாகக் காட்டலாம். பார்க்கவேண்டியதை ஏற்றுவதற்கு முன் பார்க்கவேண்டும், அல்லது பிசிஆரில் பார்க்கவேண்டும்.

எயிட்ஸ் கேள்விக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். அது எச்ஐவி வைரசு தொற்றி வருவது. மகளுக்கு இருப்பது பிறவிப் பழுது. யாரிடமிருந்தும் வந்ததல்ல, யாருக்கும் தொற்றாது. ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடிக்கலாம். வைத்தியர் எச்ஐவி பரிசோதனை எழுதினால் பதற வேண்டாம். நிர்ப்பீடனக் குறைபாட்டைத் தேடும் யாரும் அதைச் செய்யாமல் விடமாட்டார்கள்.

தடுப்பூசியில் ஒரு விலக்கு இருக்கிறது. உயிருள்ள கிருமியை நலிவாக்கிச் செய்த தடுப்பூசிகளை மகளுக்குப் போடக்கூடாது: பிசிஜி, வாயால் கொடுக்கும் போலியோ, சின்னமுத்து–கூகைக்கட்டு–ருபெல்லா, உயிருள்ள ஜப்பானிய மூளையழற்சித் தடுப்பூசி. கலியாண வயதில் உள்ள, பதிவு இல்லாத பெண்களுக்கு ருபெல்லா தடுப்பூசி போடும் வழக்கம் எங்கள் நாட்டில் உண்டு. குடும்பநல உத்தியோகத்தர் நல்லெண்ணத்தோடுதான் வந்து கேட்பார். அந்த நேரம் மகள் தன் நோயைச் சொல்லி, வைத்தியரைக் கேட்டுச் சொல்வதாகத் தள்ளிவைக்கவேண்டும். செயலிழந்த இன்புளுவன்சா, நியூமோகொக்கஸ் தடுப்பூசிகளைப் போடலாம். வீட்டில் மற்றவர்கள் இன்புளுவன்சா தடுப்பூசி போட்டுக்கொண்டால் அவளுக்கும் பாதுகாப்பு.

குடிநீர் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை, ஆனால் 'அடிக்கடி வயிற்றால் போகும்' என்று ஒரு வரி இருக்கிறது. ஜியார்டியா என்ற ஒருகலக் கிருமி சிவிஐடிக்காரரின் குடலில் பல மாதம் குடியிருக்கும். எங்கள் வளவுகளில் கிணற்றுக்கும் மலக்குழிக்கும் உள்ள தூரம் உங்களுக்கே தெரியும். கொதித்தாறிய தண்ணீர், பல்கலைக்கழகத்திலும் கூட. மலப் பரிசோதனை ஒன்றையும் கேட்டு வாங்குங்கள். நெஞ்சுக்கு சிடி ஸ்கான் செய்தாயிற்றா என்று தெரியவில்லை. மூன்று நியூமோனியாவுக்குப் பிறகு சுவாசக்குழாய்கள் நிரந்தரமாக விரிந்து சளி தேங்குகிறதா என்று பார்ப்பது அவசியம்.

மச்சான் கலியாணமும் தம்பியும் மகனும்

சொந்தத்துக்குள் கட்டினால் சில பிறவி நோய்களின் வாய்ப்புக் கூடும் என்பது உண்மை. பொதுவாக ஒரு பிள்ளைக்குப் பாரதூரமான பிறவிக் கோளாறு வரும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டு, மூன்று. சொந்த மச்சான் மச்சாளுக்குப் பிறக்கும் பிள்ளைக்கு நான்கு முதல் ஆறு. அதாவது நூற்றுக்குத் தொண்ணூற்றுநான்கு பேருக்கு மேல் சுகமாகத்தான் பிறக்கிறார்கள். உங்கள் மகளின் நோய்க்கு அதுதான் காரணம் என்று இப்போது யாராலும் சொல்லமுடியாது. சிவிஐடி உள்ள பெரும்பாலானவர்களில் தனியொரு பரம்பரையலகைக் குற்றம் சாட்டமுடிவதில்லை. கண்டுபிடிக்கக்கூடிய சிலரில் எல்ஆர்பிஏ என்ற பரம்பரையலகு பழுதான வகை ஒன்று உண்டு, 2012 இல் தெரியவந்தது. அது தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் வந்தால்தான் நோயாகும், ஆகவே சொந்தத்துக்குள் கட்டியவர்களின் பிள்ளைகளில் கூடுதல். 2014 இல் தெரியவந்த சிடிஎல்ஏ4 வகை ஒரு பெற்றோரிடமிருந்து வந்தாலே போதும், அதே பழுது இருந்தும் சிலர் நோயில்லாமல் வாழ்கிறார்கள்.

பரம்பரையலகுப் பரிசோதனை யாரைக் குற்றம் சொல்வது என்று அறிவதற்காக அல்ல. இந்த இரண்டு வகையிலும், மூட்டுவாதத்துக்குப் பயன்படுத்தும் அபற்றசெப்ற் என்ற மருந்து, நிர்ப்பீடனத்தை அடக்கிவைக்கும், விடுபட்ட கடிவாளத்தையே திருப்பிப் பிடிக்க உதவுகிறது. முடிவு சிகிச்சையை மாற்றக்கூடும் என்பதால்தான் செலவழிக்கலாம் என்கிறேன். மாமாவின் உதவி தேவைப்படும் இடமும் இதுதான்.

உங்கள் தம்பி. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்திலிருந்து வெளிக்கிட்டு, தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தபோது வயிற்றோட்டமும் நெஞ்சுச்சளியுமாக இறந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்த மழையிலும் நெரிசலிலும் நல்ல சுகமாயிருந்த பிள்ளைகளும் இறந்தார்கள். அதை ஒரு பரம்பரை நோயாக இப்போது மாற்றி எழுதவேண்டியதில்லை. ஆனால் அதற்கு முன்பும் அவனுக்கு அடிக்கடி காய்ச்சல் வந்ததா என்று உங்கள் அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். தாய்வழியில் ஆண்பிள்ளைகளை மட்டும் பிடிக்கும் வகை ஒன்று உண்டு. புரூட்டன் கண்டது அதுதான். உங்கள் வீட்டில் நோய் வந்திருப்பது பெண்பிள்ளைக்கு என்பதால் அது பெரும்பாலும் பொருந்தாது.

கடிதத்தின் ஓரத்தில் உங்களுக்குத் தைரொயிட் குளுசை இருக்கிறது என்றும், மச்சாளுக்கு வெண்படை என்றும் குறித்திருக்கிறீர்கள். இரண்டும் ஊரில் பரவலாக இருப்பவை, ஒன்றுமில்லாமல் போகலாம். இருந்தாலும் ஒரு தாளில் வம்சவழியை வரைந்து, யாருக்கு என்ன நோய், எத்தனை வயதில், யார் சிறுவயதில் இறந்தார் என்று எழுதி வைத்தியரிடம் கொடுங்கள். நீங்கள் கொண்டுபோகக்கூடிய மிகப் பெறுமதியான ரிப்போர்ட் அதுவாக இருக்கும்.

மகனுக்கு ஐஜிஜி, ஐஜிஏ, ஐஜிஎம், முழு இரத்தப் பரிசோதனை போதும். காது, நெஞ்சு என்று அடிக்கடி வருத்தம் இல்லாமல், முடிவும் சரியாக இருந்தால், இப்போதைக்கு அவனை விளையாட விடுங்கள்.

கலியாணப் பேச்சு

சாதகம் பொருந்திய சம்பந்தம் கைநழுவிப் போய்விடுமோ என்ற உங்கள் பதற்றம் விளங்குகிறது. ஆனால் இந்த நிலையில் மறைத்துக் கட்டிக்கொடுப்பது மகளுக்கே ஆபத்து. மாதாமாதம் மருந்து ஏற்றவேண்டியவள், புது வீட்டில் அதை எப்படி ஒளிப்பாள்? ஒளிப்பதற்காக ஒரு மாதம் விட்டால் நெஞ்சுச்சளி, இரண்டு மாதம் விட்டால் வார்ட். பேச்சைத் தள்ளிப்போடுங்கள், சிகிச்சை ஒழுங்காகி, என்ன வகை நோய் என்று தெளிந்தபிறகு, சொல்லிவிட்டுச் செய்யலாம். எப்போது, யாரிடம், எவ்வளவு சொல்வது என்பது அவள் தீர்மானிக்கவேண்டியது. நோய் விவரம் அவளுடைய சொத்து. தரகரிடமும் சொந்தக்காரரிடமும் நீங்கள் முந்திச் சொல்ல வேண்டாம்.

பிள்ளை பெறமுடியுமா? இந்த நோயோடு பெற்றிருக்கிறார்கள். கர்ப்பகாலத்திலும் இம்யூனோகுளோபுலினைத் தொடரவேண்டும், அளவு கூடலாம். கடைசி மூன்று மாதத்தில் தாயின் ஐஜிஜி தொப்புள்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போய், பிறந்த முதல் மாதங்களில் அதைக் காக்கிறது; தாயிடம் இருந்தால்தானே போகும். நிர்ப்பீடனத்தை அடக்கும் மைக்கோபினோலேற், மெதொட்ரெக்சேற் போன்ற மருந்துகள் தொடங்கியிருந்தால் கருத்தரிப்பதற்குப் போதிய காலம் முன்பே மாற்றவேண்டும்.

நெஞ்சு கிளினிக், இரத்த கிளினிக் இரண்டில் ஏதாவது ஒன்று தலைமைப் பொறுப்பை எடுக்கவேண்டும். அடுத்த தடவை, "டொக்டர், மற்ற கிளினிக் கொப்பி இது. இரண்டு பேரும் கதைச்சு ஒரு முடிவு சொல்லுவீங்களா?" என்று கேளுங்கள். ஒரு கிளினிக்கில் எழுதும் மருந்து மற்றக் கொப்பியிலும் ஏறவேண்டும். இம்யூனோகுளோபுலின் எப்போது தொடங்கும், பிரெட்னிசொலோன் எப்படிக் குறையும், இரண்டாவது மருந்து தேவையா, சிடி எடுத்தாயிற்றா, பரம்பரையலகுப் பரிசோதனைக்கு எங்கே போவது - இந்த ஐந்துக்கும் பதில் வாங்காமல் எழும்ப வேண்டாம்.

அதோடு, கேட்பது நீங்களாக இருக்கவேண்டியதில்லை. 22 வயதுப் பிள்ளை, பல்கலைக்கழகத்தில் படிக்கிறவள். இத்தனை பக்கத்தில் அவள் என்ன சொன்னாள் என்று ஒரு வரிகூட இல்லை. கிளினிக்கில் கதிரையில் அவள் இருக்கட்டும், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். எனக்கு எழுத விருப்பமென்றால் பெயர் போடாமல் அவளே எழுதட்டும். அவள் கேள்விகள் உங்களுடையதைவிட வேறாக இருக்கும் என்று நினைக்கிறேன்.